பழைய வீட்டின் தரைக்குள் மின்வயர் போகும் வழி

பழைய வீட்டைப் புதுப்பிக்க முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் டைல்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள். நிறம், அளவு, சதுர அடி விலை என எல்லாம் பேசி முடித்து, பழைய தரையையும் பெயர்த்துக் கொட்டிய பிறகு, ஒருநாள் காலையில் எலக்ட்ரீசியன் வந்து, "இந்தப் பக்கமாகத் தரையிலேயே ஒரு பைப் விட்டுவிடலாமா சார்?" என்று கேட்கிறார். டைல்ஸ் போடுபவர் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டிவிடுகிறார். அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு அந்த வீட்டின் மின்சாரம் எப்படி ஓடப்போகிறது என்பது அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. அந்த நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியவற்றை, மின்வேலை பற்றி ஒன்றும் அறியாதவருக்கும் புரியும்படி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரை வழியாக ஏன் போக வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். இன்று புதிதாகக் கட்டும் கான்கிரீட் வீட்டில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. கூரைக்குக் கம்பி கட்டியதும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே, பி.வி.சி. பைப்புகளைக் கம்பிகளுக்கு இடையே ஓடவிட்டுவிடுகிறார்கள். ஃபேனுக்கும் விளக்குக்கும் வேண்டிய வழிகள் தளத்துக்குள்ளேயே அமைந்துவிடுகின்றன. பழைய வீட்டில் அந்த வாய்ப்பு முடிந்துபோனது. கூரை எப்போதோ போட்டாயிற்று. எனவே புதிய வயர் போவதற்குச் சுவரின் உள்ளே, சுவரின் மேலே, பொய்க்கூரைக்குள், தரைக்குள் என நான்கு வழிகள்தான் மிஞ்சுகின்றன.

இவற்றில் சுவரைக் குடைவது பழைய வீட்டில் மிகுந்த யோசனைக்குரியது. அந்த வீடுகளில் பாரத்தைத் தாங்குவது தூண்களும் பீம்களும் அல்ல, சுவர்கள்தான். சுண்ணாம்புச் சாந்திலோ களிமண் சாந்திலோ கட்டிய சுவரில் எட்டு, பத்து அடி நீளத்துக்குக் கிடைவாக்கில் காடி, அதாவது பைப் பதிக்கும் பள்ளம், எடுத்தால், சுவரின் கனத்தில் ஒரு பகுதியை அந்த நீளம் முழுவதும் குறைத்துவிடுகிறோம். மேலிருந்து கீழாக ஒரு காடி எடுப்பதால் பாரம் இறங்கும் பாதை அவ்வளவாகக் கெடுவதில்லை. கிடைவாக்கில் எடுப்பது அந்தப் பாதையை நேரடியாக வெட்டுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் இருப்பதுபோன்ற முட்டைச் சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் இழப்பு இன்னும் பெரியது. அந்த வழவழப்பை இன்று மறுபடி கொண்டுவரும் கைகள் அரிதாகிவிட்டன. அதனால்தான் ஓர் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டியிருக்கும்போது, சுவரில் செங்குத்தாக இறங்கி, தரைக்குள் கடந்து, எதிர்ச்சுவரில் செங்குத்தாக ஏறுவது நல்ல வழியாகிறது. அதுவும் எப்படியும் தரையை மாற்றப்போகிறோம் என்றால் மட்டுமே. நல்ல நிலையில் இருக்கும் சிவப்புச் சிமெண்ட் தரையையோ ஆத்தங்குடி டைல்ஸ் தரையையோ ஒரு பிளக் பாயிண்டுக்காகக் கீறுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஐம்பது ஆண்டுகள் காலும் துணியும் பட்டு மெருகேறிய தரையில் போடும் ஒட்டு, எவ்வளவு கவனமாகப் போட்டாலும், தனி நிறமாகத் துருத்திக்கொண்டு தெரியும். அப்படிப்பட்ட அறையில் சுவரின் மேலேயே ஒழுங்காக, வயரை உள்ளே வைத்து மூடும் ஓர் உறைப்பட்டை அடித்துக்கொள்வதுதான் முறை. தேக்குச் சட்டத்தின்மேல் கிளிப் அடித்து வயரை ஓடவிட்ட பழைய வயரிங்கும் சுவர்மேல் தெரிந்தபடி இருந்ததுதானே!

வயர் அல்ல, வழி

தரைவழி வயரிங்கைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்: தரைக்குள் நாம் புதைப்பது வயரை அல்ல, வயர் போய்வரும் வழியை. வயர் என்பது தேய்ந்துபோகும் பொருள். செம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன்மேல் இருக்கும் பி.வி.சி. உறைதான் சூட்டிலும் ஈரத்திலும் காலப்போக்கில் இறுகி வெடிக்கிறது. தரையோ அதைவிட நீண்ட காலம் கிடக்கும். ஆகவே ஒருநாள் அந்த வயரை வெளியே இழுத்துவிட்டுப் புதிய வயரை உள்ளே விட வேண்டிவரும் என்பதை இன்றே ஒப்புக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். வயரை அப்படியே மணலில் போட்டுச் சிமெண்ட் கலவையால் மூடிவிடுவது, பைப்புக்குள்ளே வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி விடுவது, பைப் போதாத இடத்தில் இரண்டடிக்கு ஹோஸ் குழாயை மாட்டிவிடுவது ஆகிய மூன்றும் நான் கண்ணால் பார்த்தவை. மூன்றிலும் வயர் இருக்கிறது, வழி இல்லை.

இது ஏட்டுப் பேச்சல்ல என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள என் பெரியப்பா வீட்டைப் புதுப்பித்தபோது, கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போகும் பைப்பைத் தரையில் விட்டார்கள். அன்று வயர் இழுக்கவில்லை. டைல்ஸ் முடிந்ததும் இழுத்துக்கொள்ளலாம் என்று பைப்பின் வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார்கள். இருபது நாள் கழித்து எலக்ட்ரீசியன் வந்து, கூடத்து முனையிலிருந்து, வயரை இழுத்துவரப் பயன்படும் நீளமான ஸ்பிரிங்கை உள்ளே விட்டார். பன்னிரண்டு அடி வரை சறுக்கிக்கொண்டு போன ஸ்பிரிங், அங்கே நின்றுவிட்டது. முறுக்கிப் பார்த்தார், வெளியே இழுத்து மறுபடி குத்திப் பார்த்தார், சமையலறைப் பக்கமிருந்தும் விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் 'டொக்'கென்று ஓசை கேட்டது. டைல்ஸ் கலவை, திறந்திருந்த வாய் வழியாக உள்ளே வழிந்து, பைப்புக்குள்ளேயே கல்லாகிவிட்டிருந்தது. நான்கு புதிய டைல்களை உடைத்த பிறகே வயர் போயிற்று. ஒரு ரூபாய் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால், அல்லது ஒரு துண்டு சாக்கை உருட்டி அடைத்திருந்தால், அந்தச் சேதம் நேர்ந்திருக்காது. அன்றிலிருந்து, தரைக்குள் பைப் போட்ட அன்றே அதன் இரு வாய்களையும் மூடச் சொல்வதும், தரையை மூடுவதற்கு முன் ஸ்பிரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விட்டுக் காட்டச் சொல்வதும் என் வழக்கமாகிவிட்டன.

வழி நல்ல வழியாக இருப்பதற்கு வளைவுகள் முக்கியம். சுவரிலிருந்து தரைக்கு இறங்கும் இடத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் போடுவதுபோல் சட்டென்று திரும்பும் எல்போ போட்டால், வயர் அந்த முனையில் சிக்கும். மெல்லத் திரும்பும் நீளமான பெண்டுதான் போட வேண்டும். ஒரே ஓட்டத்தில் இரண்டு பெண்டு இருந்தால் இழுப்பது எளிது, மூன்று இருந்தால் பாடு, நான்கு என்றால் இடையில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைக்க வேண்டும். அந்த ஜங்ஷன் பாக்ஸும் சுவரில்தான் இருக்க வேண்டும், தரையில் அல்ல. தரையில் பாக்ஸ் வைத்து மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டால் அது யாருக்கும் எட்டாது. மூடியைத் தெரியும்படி விட்டால் துடைக்கும் தண்ணீர் அதற்குள் இறங்கும்.

பைப்பின் அளவையும் எலக்ட்ரீசியனின் கையிருப்பு தீர்மானிக்கும்படி விட்டுவிடக் கூடாது. பைப்பின் உட்பரப்பில், அதாவது குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டத்தின் பரப்பில், ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு மேல் வயர்களால் நிரப்பக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 2.5 சதுர மி.மீ. வயரின் வெளிவிட்டம் உறையோடு சேர்த்து 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு வயர் அடைக்கும் இடம் ஏறத்தாழ 12.6 சதுர மி.மீ. 20 மி.மீ. பைப்பின் உள்விட்டம் 16 மி.மீ. என்றால் உட்பரப்பு சுமார் 200 சதுர மி.மீ., அதில் 40 விழுக்காடு 80. ஆக, ஆறு வயர்கள்தான். 25 மி.மீ. பைப்பில் இதே கணக்கு பத்து வயர்களுக்கு இடம் தருகிறது. இரண்டுக்கும் விலையில் உள்ள வேறுபாடு ஒரு டைலின் விலைகூட இல்லை என்பதால், தரைக்குள் எப்போதும் 25 மி.மீ. பைப்பையே போடச் சொல்லுங்கள். பைப்பின் தடிமனிலும் மூன்று தரங்கள் உண்டு. புதைக்கும் வேலைக்கு மீடியம் அல்லது ஹெவி தரம் வேண்டும். லைட் தரப் பைப் கொத்தனாரின் கால் பட்டாலே நசுங்கிவிடும். வீட்டு வயரிங்குக்கான பைப்புக்கு ஐ.எஸ். 9537, வயருக்கு ஐ.எஸ். 694 என்ற தர எண்கள் உள்ளன. வாங்கும்போது அந்த எண்களும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

தரைத்தளமும் தண்ணீரும்

தரைத்தளத்தில் சுவரிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, எதிர்ச்சுவரில் ஏறும் பைப்பைப் பக்கவாட்டிலிருந்து மனத்தில் வரைந்து பாருங்கள். இரு கைகளும் உயர்ந்து, நடுப்பகுதி தாழ்ந்து, தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரம்போல அது இருக்கும். உள்ளே போன நீர் வெளியேற அதில் வழியே இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் தரைத்தள வயரிங்கின் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். பழைய வீடுகளின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இல்லை. மண் நிரப்பி, மணல் போட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கிய தளம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி ஈரம் அதன் வழியே மேலேறுவதைச் சுவரடியில் உவர் பூத்திருப்பதைக் கொண்டே காணலாம். அந்தக் காலத்தில் போட்ட இரும்புப் பைப்புகள் அந்த உவரில்தான் துருப்பிடித்து ஓட்டையாயின. பி.வி.சி. துருப்பிடிக்காது. ஆனால் இரண்டு பைப்புகள் சேரும் இடத்தில் சொல்யூஷன் என்னும் பசையைத் தடவாமல் வெறுமனே செருகிவிட்டால், அந்த இடுக்கு வழியாக ஈரம் உள்ளே புகுந்து, தாழ்ந்த நடுப்பகுதியில் தங்கும். உறை நன்றாக இருக்கும்வரை வயருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இழுக்கும்போது எங்கோ ஒரு கீறல் விழுந்திருந்தாலோ, உள்ளே ஓர் ஒட்டு இருந்தாலோ, அங்கேதான் மின்கசிவு தொடங்கும். மழைக்காலத்தில் மட்டும் ட்ரிப்பர் விழுகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது என்று சொல்லும் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

எனவே தரைத்தளத்தில் ஒவ்வொரு சேர்ப்பிலும் சொல்யூஷன் தடவியிருக்க வேண்டும். கூடுமானவரை தரைக்குள் சேர்ப்பே வராதபடி முழு நீளப் பைப்பையே போட வேண்டும். குளியலறை, சாமான் கழுவும் இடம், தண்ணீர்க் குழாய்கள் ஓடும் பாதை ஆகியவற்றுக்கு அடியில் பைப்பைக் கொண்டுபோகாமல், சற்றே சுற்றினாலும் உலர்ந்த பக்கமாகச் சுற்றிப்போவது நல்லது. பைப்புக்கு மேலே குறைந்தது 2 அங்குலக் கனமாவது இருக்கும்படி அதை அடித்தளத்தில் காடி எடுத்துத் தாழ்த்த வேண்டும். டைல்ஸுக்குப் போடும் கலவைப் படுக்கையே 2 அங்குலத்துக்குள்தான் இருக்கும். அதற்குள்ளேயே 25 மி.மீ. பைப்பைத் திணித்தால் மேலே ஓர் அங்குலம்கூட மிஞ்சாது. நாளடைவில் பைப் போன கோட்டிலேயே டைல்ஸ் விரிசல் விடும். கறையான் மருந்து அடிப்பதாக இருந்தால் அதைப் பைப் போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு தரையில் துளை போட்டு மருந்து செலுத்த வருபவரின் டிரில் முனை எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கொல்லைப்புறத்து மோட்டாருக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ மண்ணுக்கடியில் போகும் வயர் வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே வீட்டு வயரைப் பைப்பில் போட்டுப் புதைக்கக் கூடாது. இரும்புக் கவசமுள்ள ஆர்மர்டு கேபிளை ஏறத்தாழ இரண்டரை அடி ஆழத்தில், கீழும் மேலும் மணல் போட்டு, மேலே செங்கல் அடுக்கிப் புதைக்க வேண்டும்.

சூடு என்னும் கணக்கு

வயர் வழியே மின்சாரம் ஓடும்போது வயர் சூடாகிறது. இந்தச் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், அதாவது மின்னோட்டம் இரண்டு பங்கானால் சூடு நான்கு பங்காகும். சுவர்மேல் காற்றோட்டமாக இருக்கும் வயரிலிருந்து அந்தச் சூடு எளிதில் வெளியேறிவிடும். பைப்புக்குள், அதுவும் தரைக்குள், நான்கைந்து வயர்களோடு சேர்ந்து கிடக்கும் வயருக்கு அந்த வசதி குறைவு. 16 ஆம்பியர் ஓடும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் இணையில், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 4 வாட் சூடு பிறக்கிறது. அதே வேலைக்கு 1.5 சதுர மி.மீ. வயரைப் போட்டால் அது 6 வாட்டைத் தாண்டும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் தொடர்ந்து தாங்கக்கூடியது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தொடக்கச் சூடே 40 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதனால் தரைக்குள் போகும் வயரைப் பொறுத்தவரை சிக்கனம் பார்க்காதீர்கள்: விளக்கு, ஃபேனுக்கு 1.5, கிரைண்டர், ஹீட்டர் போன்றவற்றின் பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்வது நிம்மதி தரும்.

மாடித் தரை

மாடியில் சிக்கல் தண்ணீரைவிடக் கட்டுமானத்தின் வலிமையைப் பற்றியது. மாடித் தரை என்பது கீழ்வீட்டின் கூரையும்கூட. கான்கிரீட் தளமாக இருந்தால் அது பெரும்பாலும் 4 அல்லது 5 அங்குலக் கனம்தான் இருக்கும். சுவர்களுக்கும் பீம்களுக்கும் மேலே வரும் பகுதிகளில் அதன் மேற்பக்கத்திலேயே கம்பிகள் ஓடும். கட்டர் மெஷினால் அங்கே ஓர் அங்குலம் காடி எடுத்தால், தளத்தைத் தாங்கும் கம்பியையே அறுத்துவிடக்கூடும். அதனால் கான்கிரீட் தளத்தைத் தொடவே கூடாது. அதற்குமேல் உள்ள நிரப்புக் கலவையின் கனத்துக்குள் பைப் அடங்கினால் போடலாம். அடங்காவிட்டால் சுவர்வழியே மாற்று வழி தேட வேண்டும்.

கட்டைகுத்துத் தளம், அதாவது மெட்ராஸ் டெரஸ், இன்னும் நுட்பமானது. மர விட்டங்கள்மேல் சன்னமான செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுவருக்குக் கோணலாக வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. அந்தச் செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் நிற்கின்றன. மேலே உள்ள ஜல்லி அடுக்கின் மேற்பகுதியில் உளியால் மெல்லக் காடி எடுத்துப் பைப் பதிக்கலாம். செங்கல் வரிசை வரை ஆழமாகப் போகக் கூடாது. அதிர்வு மிகுந்த பிரேக்கர் இயந்திரத்தை அந்தத் தளத்தின்மேல் வைக்கவே விடாதீர்கள். விட்டத்தில் காடி எடுப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கீழிருந்து மாடிக்கு வயர் ஏற ஒரு துளை வேண்டும். அந்தத் துளை, விட்டங்களுக்கு நடுவே, சுவரை ஒட்டிய மூலையில், ஒரு பைப் நுழையும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். துளையில் விட்ட பைப்பை மாடித் தரை மட்டத்தோடு வெட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. போகிக்கும் ஆயுத பூஜைக்கும் நாம் வீட்டைத் துடைப்பதில்லை, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறோம். தரை மட்டத்தோடு நிற்கும் பைப் வழியே அந்தத் தண்ணீர் நேராகக் கீழ்வீட்டு சுவிட்ச் பாக்ஸுக்குள் இறங்கும். எனவே பைப்பை வெட்டாமல் சுவரோடு தொடர்ந்து மேலே கொண்டுபோக வேண்டும். அது தரையைத் துளைத்து வரும் இடத்தைச் சுற்றி நான்கு அங்குல உயரத்துக்குச் சிமெண்டால் ஒரு சிறு மேடை கட்டி, இடுக்கை முழுவதும் அடைத்துவிட வேண்டும். அந்த அடைப்பு, கீழே தீப்பிடித்தால் புகை மேலேறும் வழியையும் சேர்த்தே மூடுகிறது.

மூடுவதற்கு முன்

பழைய வீடுகளில் பலவற்றில் எர்த் கம்பியே இருக்காது, இரண்டு வயரோடு வேலை முடிந்திருக்கும். தரையைத் திறந்திருக்கும் இந்த வாய்ப்பில், ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் பச்சை நிற எர்த் வயரையும் சேர்த்தே இழுத்துவிட வேண்டும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் அதற்கென்று தனி நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப்போகும் வயர், வேண்டும். இரண்டும் ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் இல்லாதபோது கூடத்து நியூட்ரலைச் சமையலறைக்கும் இரவல் கொடுத்தால், மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் அந்த 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. காரணம் புரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். கடைசியில் யாரோ ஒருவர் அதையே கழற்றிவிடுவார். உயிரைக் காக்கும் கருவி அப்படித்தான் பல வீடுகளிலிருந்து போயிருக்கிறது. இன்டர்நெட், கேபிள் டி.வி. வயர்களை மின்வயரோடு ஒரே பைப்பில் விடாமல் அவற்றுக்குத் தனிப் பைப் போட வேண்டும்.

இவையெல்லாம் உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன், மெயினை அணைத்து ஃபியூஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலைகள். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது பார்ப்பதும் கேட்பதும். வயர் இழுத்து முடிந்ததும், வயரின் உறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மெக்கர் என்னும் கருவி கொண்டு 500 வோல்ட்டில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். புது வயர் என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும். புது வயரில் 2, 3 என்று காட்டினால், விதிப்படி தேறினாலும், எங்கோ உறை கிழிந்திருக்கிறது என்று கொண்டு மறுபடி இழுத்துப் பார்ப்பதே சரி.

தரையை மூடும் நாளன்று காலையில், காடியில் பைப் கிடக்கும்போதே, அதன் பக்கத்தில் அளவு நாடாவை விரித்துவைத்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். அந்த அளவுகளை ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டின் சர்க்யூட்டுகளெல்லாம் பிரிந்து போகும் டி.பி. பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள். கைப்பேசி மாறும், படங்கள் தொலையும், வீடே கைமாறலாம். கட்டில் காலுக்கோ கதவுத் தடைக்கோ தரையில் டிரில் போட வருபவர் அந்தப் பெட்டியைத் திறந்தால் போதும். இன்னொரு காரியமும் செய்யலாம். கூடத்திலிருந்து சமையலறைக்கும் டி.பி.யிலிருந்து மாடிப்படிக்கும் வயர் இல்லாத வெறும் பைப் ஒவ்வொன்று போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரு முனைகளிலும் முடிச்சிட்டு மூடி போட்டுவிடுங்கள். பெரியப்பா வீட்டில் அப்படி விட்ட கயிற்றைப் பிடித்துத்தான் ஆறு ஆண்டுகள் கழித்து, ஒரு டைலைக்கூடத் தொடாமல், சமையலறைக்கு இன்னொரு வயர் இழுத்தோம்.